இரண்டாம் பக்கத்தில் தத்தூ

அத்தியாயம் 11

தண்ணீர் லாரியின் பின்புற ஏணியில், மூன்றாவது படியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்தியாஸைச் சென்ற வாரம் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். அவர் இறங்கிவிட்டார். தானாக இறங்கவில்லை. மனைவி வல்மீரா காலைப் பிடித்து இழுத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வல்மீராவின் ஏற்பாடு. பிக்கோஸ் நகரத்து மருத்துவமனை, இதய டாக்டர், ஊசியில் மருந்து ஏற்றி எடுத்த சி.டி. ஸ்கேன் எல்லாம். அந்த வளையத்துக்குள் படுத்திருந்தபோது ஒரு பெண்குரல் மூச்சை அடக்கச் சொன்னது. அறுபத்தொரு வயதில் அப்தியாஸ் ஒரு பேச்சும் பேசாமல் கீழ்ப்படிந்தது அந்த ஒரு முறைதான்.

படம் எடுத்த மறுநாளே வல்மீரா, மரச்சிற்பி லவுரேன்சோவிடம் மரத்தில் ஓர் இதயம் செதுக்கி வாங்கிவிட்டாள். நோய் குணமானால் அந்த உறுப்பை மரத்தில் செய்து, கனிந்தே என்ற ஊர்க் கோயிலில் புனித பிரான்சிஸின் காலடியில் வைப்பது எல்லோருக்கும் வழக்கம். குணமாவதற்கு முன்பே செய்து வைத்துக்கொள்வது வல்மீராவின் வழக்கம்.

"அவருக்கு வேற வழியில்லாம பண்ணிடணும்" என்பாள். அவர் என்றால் புனிதர்.

புதன்கிழமையிலிருந்து பிக்கோஸில் மகள் ரோசில்டா வீட்டில்தான் தங்கியிருந்தார்கள். நாய் கர்னலையும் கூட்டி வந்திருந்தார்கள். அப்தியாஸ் கையால் வைக்காவிட்டால் அது சாப்பிடாது. இரண்டு வாரமாக வைத்தாலும் சரியாகச் சாப்பிடவில்லை. கொல்லையில் படுத்து இருமிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அப்தியாஸ் ஸ்கேன் முடிவை வாங்கத் தனியாகப் போனார். வல்மீரா சந்தைக்கு ஆட்டுக்கறி வாங்கப் போயிருந்தாள். மதியச் சாப்பாட்டின்போது குடும்பம் முழுக்க உட்கார்ந்து உறையைப் பிரிப்பது, மூன்று மணிக்கு டாக்டரிடம் போவது என்று திட்டம்.

பெரிய வெள்ளை உறை. "மருத்துவர் மட்டுமே பிரிக்க வேண்டும்" என்று மேலே அச்சடித்திருந்தது. பிரிக்காமல் டாக்டரிடம் போய்ச் சேர்ந்த உறை பியாவி மாநிலத்தில் இதுவரை ஒன்றுகூட இல்லை.

அப்தியாஸ் மருத்துவமனைக் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பிரித்தார்.

முதல் பக்கம் முழுக்க இதயம். புரியாத சொற்கள் நிறைய இருந்தன. ஆனால் கடைசி வரி புரிந்தது. அடைப்பு எதுவும் இல்லை. வயதுக்கு ஏற்ற, ஆரோக்கியமான இதயம்.

அப்தியாஸ் சுவரில் சாய்ந்து நின்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டார். பிறகு இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார்.

"படத்தின் ஓரங்களில் தெரியும் நுரையீரல் பகுதிகளில், இரண்டு பக்கமும் சேர்த்து ஏழு சிறு முடிச்சுகள். பெரியது பதினான்கு மில்லிமீட்டர். தொற்றாக இருக்கலாம். புற்று இல்லையென்று உறுதி செய்ய வேண்டும்."

அந்த வரியை அப்தியாஸ் வேகமாகத் தாண்டினார். அடுத்த வரியில் கால் இடறியது.

"நோயாளி இந்த மாநிலத்தின் உட்பகுதியைச் சேர்ந்தவர் என்பதால், அண்மையில் தத்தூ வளை தோண்டினாரா என்று விசாரிக்கவும்."

இதயத்தைப் பார்க்கப் போன இயந்திரம், மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்துவிட்டது.

தத்தூ என்றால் நமது அழுங்குக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். முதுகில் ஓடு, மூக்கு நீளம், மண்ணுக்குள் ஆழமாக வளை தோண்டிப் பதுங்கும். அதைத் தோண்டிப் பிடிப்பதில் அப்தியாஸுக்கு ஒரு காலத்தில் நல்ல பெயர் இருந்தது. பிடிப்பது சட்டப்படி குற்றம். ஆனால் அப்தியாஸ் பயந்தது சட்டத்துக்கு இல்லை.

நான்கு வருடங்களுக்கு முன் ரோசில்டா டெங்கு முற்றி, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாள் கிடந்தாள். அப்போது வல்மீரா மருத்துவமனை வாசலில் முழங்காலிட்டு நேர்ந்துகொண்டாள். மகள் பிழைத்தால் தன் கணவர் இனி தத்தூ வளைப் பக்கமே போகமாட்டார்.

நேர்ந்துகொண்டது வல்மீரா. விட வேண்டியவர் அப்தியாஸ். அவர் அப்போது டீ வாங்கப் போயிருந்தார்.

மகள் பிழைத்தாள். அவர் விட்டார். இப்போது ரோசில்டா ஏழு மாதக் கர்ப்பிணி. "புனிதர் குடுத்ததைத் திருப்பிக் கேட்டுடக் கூடாது" என்று வல்மீரா வாரம் ஒருமுறையாவது சொல்லாமல் இருக்கமாட்டாள்.

அப்தியாஸ் இரண்டாம் பக்கத்தை நாலாக மடித்தார். தோல் தொப்பியைக் கழற்றி உள்பட்டைக்குள் செருகினார். முதல் பக்கத்தை மட்டும் உறையில் போட்டு, எச்சில் தடவி ஒட்டினார்.

*

மதியம் ரோசில்டா வீட்டு மேசையில் சோறும் பயறும் கலந்த கலவை, ஆட்டுக்கறி, மரவள்ளி மாவு வறுவல், முந்திரிப்பழச் சாறு. நடுவில் ஒரு தட்டில் மரத்தாலான இதயம். அதற்கும் ஒரு கைக்குட்டை விரித்திருந்தாள் வல்மீரா.

"வாசிடி" என்றாள் மகளிடம்.

ரோசில்டா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசிப்பாள். வாசித்தாள். ஆரோக்கியமான இதயம் என்ற வரி வந்ததும் வல்மீரா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அதை மட்டும் இன்னொரு தடவை."

"வயதுக்கு ஏற்ற, ஆரோக்கியமான இதயம்."

வல்மீரா மர இதயத்தை எடுத்து முத்தமிட்டாள். பிறகு, கொஞ்சம் யோசித்து, அப்தியாஸின் நெற்றியிலும் ஒன்று வைத்தாள். எலும்பில்லாத கறியாகப் பார்த்து அவர் தட்டில் போட்டாள்.

"பயமுறுத்திட்டீங்களே மனுஷா. சாப்பிடுங்க."

அப்தியாஸ் சாப்பிட்டார். கறி நன்றாகத்தான் இருந்தது. ஒரு கை மட்டும் அடிக்கடி தொப்பியை அழுத்திக்கொண்டது.

"என்ன அப்பா, சாப்பிடும்போதும் தொப்பியா?" என்றாள் ரோசில்டா.

"தலை குளிருது."

"முப்பத்தெட்டு டிகிரி அடிக்குது."

"வயசானா குளிரும்."

ரோசில்டா காகிதத்தை மடிக்கப் போனாள். மடிக்கவில்லை.

"அப்பா, கீழ ஓரத்துல ஒண்ணு, ஒரு கோடு, ரெண்டுன்னு போட்டிருக்கு."

"தேதியா இருக்கும்."

"இன்னைக்குப் பதினெட்டு."

"அப்போ மார்க்கா இருக்கும்."

"ரெண்டுக்கு ஒண்ணா? என் கிளாஸ்ல அது ஃபெயில் அப்பா." ரோசில்டா உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். "ரெண்டு பக்கத்துல இது ஒண்ணாம் பக்கம். ரெண்டாவது எங்க?"

மேசையின் மறுகோடியில் பலமாக ஓர் இருமல். ரோசில்டாவின் கணவன் ஜாட்சன், முகம் சிவந்து, தண்ணீர்க் குவளையைத் தேடினான்.

"மாவு... புரையேறிடுச்சு" என்றான்.

"நாங்க வந்த நாள்லேருந்து உங்களுக்கு மாவு புரையேறுது மாப்பிள்ளை" என்றாள் வல்மீரா. அவன் பக்கம் தண்ணீரை நகர்த்தினாள். "மெதுவா சாப்பிடுங்க. யாரும் பிடுங்கிட்டுப் போகமாட்டாங்க."

"ரெண்டாவது பக்கத்துல பரிசோதனைக்கூட விளம்பரம்" என்றார் அப்தியாஸ். "அங்கேயே போட்டுட்டேன்."

"விளம்பரத்துக்குப் பக்க எண் போடுவாங்களா?"

"டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம் விடுடி" என்றாள் வல்மீரா. "இதயம் நல்லா இருக்குன்னு போட்டிருக்கான்ல. அதுக்கு மேல எவ்வளவு எழுதுனா என்ன? அப்பாவுக்கு இன்னொரு கரண்டி போடு."

*

கர்னலுக்கு எலும்பு போடுகிறேன் என்று அப்தியாஸ் கொல்லைக்குப் போனார். உதவிக்கு வருகிறேன் என்று ஜாட்சனும் எழுந்தான். ஓர் எலும்புக்கு இரண்டு பேர் போவதை ரோசில்டா பார்த்துக்கொண்டிருந்தாள்.

பப்பாளி மரத்தடியில் அப்தியாஸ் தொப்பியைக் கழற்றிக் காகிதத்தை எடுத்து நீட்டினார். "வளை தோண்டினதைக் கண்டுபிடிச்சுட்டாங்க."

"மாமா, என் பேர் அதுல இருக்கா?"

"படத்துல எப்படி மாப்பிள்ளை உங்க பேர் இருக்கும்?"

ஜாட்சன் நகராட்சியின் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன். "வேட்டையாடுதல் தண்டனைக்குரியது" என்ற பச்சைப் பலகைகளை எங்கெங்கே நடுவது என்று முடிவு செய்வதே அவன் வேலை. மூன்று வாரத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை, அப்படி ஒரு பலகையை நடத்தான் மாமனாரையும் கடப்பாரையையும் துணைக்குக் கூட்டிப்போனான். குழிக்கு இடம் பார்த்ததும் கர்னல் அங்கே வந்து மோப்பம் பிடித்தது. வாலை விறைத்தது. மண்ணைப் பறித்தது.

வளை.

கையில் கடப்பாரை இருந்தது. மண்வெட்டி இருந்தது. அப்தியாஸ் பலகையைப் பார்த்தார். பலகை திரும்பிக் கிடந்தது. "உள்ள இருக்கான்னு மட்டும் பார்ப்போம் மாமா" என்றவன் ஜாட்சன். நகரத்தில் வளர்ந்தவன், வாழ்நாளில் ஒரு தத்தூவை உயிரோடு பார்த்ததில்லை. நான்கு மணி நேரம் தோண்டினார்கள். மூன்று மாதமாக மழை காணாத மண். மூக்கு, காது, பல் எல்லாம் செந்தூசி.

இப்போது ஜாட்சன் காகிதத்தைப் பிரித்து வாசித்தான். தத்தூ என்ற சொல்லைத் தேடிக் கீழே ஓடிய கண் பாதியில் நின்றது.

"மாமா, இதுக்கு முந்தின வரியை வாசிச்சீங்களா?"

"அதெல்லாம் சும்மா எழுதுவாங்க."

"புற்றுன்னு போட்டிருக்கு."

"இல்லைன்னு உறுதி செய்யத்தானே போட்டிருக்கு? இல்லைன்னு நானே உறுதியாச் சொல்றேன்."

ஜாட்சன் காகிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்தான். இருமினான். மரத்தடியில் கர்னலும் இருமியது. கொஞ்ச நேரம் மூவரும் மாறி மாறி இருமினார்கள்.

"டாக்டர்கிட்ட சொல்லிடுங்க மாமா. வளை தோண்டினேன்னு சொல்லிடுங்க."

"உங்க அத்தை பக்கத்துல உட்கார்ந்திருப்பா."

"பரவாயில்ல. உடம்பு முக்கியம்." ஜாட்சன் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "என் பேரை மட்டும் விட்டுடுங்க. வேலை போயிடும். வேலை போகலைன்னாலும் ரோசில்டா விடமாட்டா. தன் உயிருக்காக நேர்ந்ததை நானே உடைச்சேன்னு தெரிஞ்சா..."

மீதியை இருமல் விழுங்கியது. முடிக்க வேண்டியதும் இல்லை.

அப்தியாஸ் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"நான் சொல்லப் போறதில்ல மாப்பிள்ளை. இருமல் தானா போயிடும். எனக்கு என் வீட்டுல நிம்மதி வேணும்."

*

இதய டாக்டர் எலோயிசா இளவயதுக்காரி. தெற்கே குளிர்ப் பிரதேசத்திலிருந்து வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. இன்னும் வெயிலைப் பார்த்தால் ஆச்சரியப்படுவாள்.

வல்மீரா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மடியில் கைப்பை. பைக்குள் மர இதயம்.

"இதயம் அருமையா இருக்கு அப்தியாஸ் ஐயா. இரண்டாம் பக்கம் பார்த்தீங்களா?"

"அது காத்துல பறந்துடுச்சு டாக்டர்."

"விளம்பரம்னீங்க" என்றாள் வல்மீரா.

"விளம்பரம் பறந்துடுச்சு."

"பரவாயில்ல, இங்க இருக்கு" என்று டாக்டர் கணினித் திரையைத் திருப்பினாள்.

அப்தியாஸ் தொப்பியைத் தொட்டுப் பார்த்தார். காகிதத்தை ஒளித்தால் போதும் என்று நினைத்திருந்தார். டாக்டர்களிடம் இன்னொன்று இருக்கும் என்று தோன்றவே இல்லை.

"இதயத்தைப் படமெடுக்கும்போது ஓரத்துல நுரையீரலும் கொஞ்சம் விழும்" என்றாள் டாக்டர். "நாங்க அதைத் தேடல. ஆனா கண்ணுல பட்டதை விட்டுட முடியாது. இங்க பாருங்க. இந்த வெள்ளைப் புள்ளிகள். ஏழு இருக்கு. உங்க நெஞ்சு வலி இதயத்தோட வலி இல்ல, நுரையீரலைச் சுத்தியிருக்கிற சவ்வோட வலின்னு நினைக்கிறேன்."

"புள்ளின்னா?" என்றாள் வல்மீரா.

"தொற்றா இருக்கலாம். வேற எதுவாவும் இருக்கலாம்."

"வேற எதுவாவும்னா என்ன டாக்டர்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். அவள் அதைச் சொன்ன விதம் மென்மையாகத்தான் இருந்தது. சொல் மென்மையாக இல்லை.

வல்மீரா திரையில் இருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள்.

"கீழ ஒரு வரி இருக்கு" என்று டாக்டர் திரையை நெருங்கிப் பார்த்தாள். "இதை எழுதினவர் இங்க முப்பது வருஷமா படம் பார்க்கிறவர். நான் புதுசுங்கிறதால என்னை வச்சு விளையாடுறாரான்னு தெரியல. நீங்க தத்தூ வளை தோண்டினீங்களான்னு கேட்கச் சொல்லியிருக்கார்."

அப்தியாஸ் வாயைத் திறந்தார்.

"இல்ல டாக்டர்" என்றாள் வல்மீரா. நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதெல்லாம் நாலு வருஷம் முன்னாடி. என் பொண்ணுக்காக நேர்ந்துகிட்டோம். அன்னைக்கு விட்டவர், திரும்பிப் பார்க்கல. எங்க ஊர்ல யாரை வேணும்னாலும் கேளுங்க. நேர்ந்ததைக் காப்பாத்துறதுல என் வீட்டுக்காரர் மாதிரி ஒருத்தர் கிடையாது."

அப்தியாஸ் வாயை மூடினார்.

"அப்படின்னா ஊசிதான் போட்டுப் பார்க்கணும்" என்றாள் டாக்டர். "முதுகு வழியா ஒரு நீள ஊசியை விட்டு, புள்ளியிலேருந்து துளி சதை எடுத்துப் பரிசோதிக்கணும். தெரெசினா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்."

"எப்போ?" என்றாள் வல்மீரா.

அந்த ஒரு சொல்லைத்தான் கேட்டாள். ஆனால் அது வல்மீராவின் குரல் இல்லை. சந்தையில் மூன்று கடை தள்ளிக் கேட்கிற குரல் அவளுடையது. இது அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் ஒன்பது நாள் கேட்ட குரல். அப்தியாஸ் திரும்பிப் பார்த்தார். வல்மீரா கைப்பைக்குள் கையை விட்டு எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் கோபத்தை அவர் முப்பத்தாறு வருடமாகச் சமாளித்து வந்தவர். இதைச் சமாளிக்க அவருக்குத் தெரியாது.

தொப்பியைக் கழற்றினார். உள்பட்டையிலிருந்து காகிதத்தை எடுத்து, நாலு மடிப்பையும் பிரித்து, மேசைமேல் வைத்தார்.

"தோண்டினேன்" என்றார்.



"எப்போ?" என்றாள் டாக்டர்.

"மூணு வாரம் முன்னாடி. ஞாயிற்றுக்கிழமை."

"எவ்வளவு நேரம்?"

"நாலு மணி நேரம்."

"கிடைச்சுதா?"

இது மருத்துவக் கேள்விதானா என்று அப்தியாஸுக்குத் தெரியவில்லை. ஆனாலும் பதில் சொன்னார்.

"இல்ல டாக்டர். வளை காலி."

வல்மீரா முதல்முறையாக அவர் பக்கம் திரும்பினாள்.

"காலியா?"

"காலி."

"என் பொண்ணு உயிருக்கு நேர்ந்ததை முறிச்சுட்டு, வெறுங்கையோடவா வந்தீங்க?"

டாக்டர் அவசரமாகத் தொலைபேசியை எடுத்தாள். அந்த வரியை எழுதிய முதிய டாக்டரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. பின்னால் ஏதோ ஃபுட்பால் வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது.

"தோண்டினாரா? அதான் சொன்னேன். நாய் கூடப் போச்சா கேளும்மா."

"போச்சு" என்றார் அப்தியாஸ்.

"நாய் இருமுதா?"

"ரெண்டு வாரமா."

"சரியாப் போச்சு. வளை மண்ணுல ஒரு பூஞ்சை இருக்கும், தூசியோட மூச்சுல போயிடும். மனுஷனுக்கும் நாய்க்கும் சேர்ந்தே வரும். ஊசி இப்போ வேண்டாம்மா. முதல்ல ரத்தம் எடுத்து அனுப்பு, சளியையும் பாரு. அதுவாத்தான் இருந்தா மாத்திரை இருக்கு. மாசக்கணக்குல சாப்பிடணும், ஆனா தீரும்."

"அதுவா இல்லைன்னா?" என்றாள் வல்மீரா.

"இல்லைன்னா அப்புறம் ஊசி. ரெண்டு வாரத்துல தெரியும் அம்மா."

"என் பொண்ணு மாசமா இருக்கா. இவர் அவ வீட்டுலதான் இருமிக்கிட்டிருக்கார்."

"ஒருத்தர்கிட்டேயிருந்து ஒருத்தருக்கு வராது. மண்ணுலேருந்து மட்டும்தான் வரும். அங்க நின்னவங்களுக்கு மட்டும்தான்." ஃபுட்பால் சத்தம் குறைந்தது. "எத்தனை பேர் நின்னாங்க? காய்ஞ்ச மண்ணை நாலு மணி நேரம் ஒத்த ஆளால தோண்ட முடியாது. எல்லாரும் வந்து படமெடுக்கணும்."

அப்தியாஸ் தரையைப் பார்த்தார்.

"நான் மட்டும்தான். நானும் கர்னலும்."

"எந்தக் கர்னல்?" என்றாள் டாக்டர்.

"நாய் டாக்டர்."

டாக்டர் எழுதிக்கொண்டாள். வல்மீராவின் விரல்கள் கைப்பையின்மேல் ஒவ்வொன்றாக மடங்கின. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது வாரத்தில் நின்றன.

*

வாசலில் காரோடு ஜாட்சன் காத்திருந்தான்.

"என்ன சொன்னாங்க அத்தை?"

"மண்ணு" என்றாள் வல்மீரா.

அவ்வளவுதான். காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். ஜாட்சன் கண்ணாடி வழியாக மாமனாரைப் பார்த்தான். மாமனார் தலையை லேசாக ஆட்டினார். சொல்லிவிட்டேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம், சொல்லவில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஜாட்சன் ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனான்.

வீட்டில் ரோசில்டா காப்பி போட்டு வைத்திருந்தாள். வல்மீரா நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து மர இதயத்தை எடுத்து மேசைமேல் வைத்து, மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டாம் பக்கம், ஏழு புள்ளி, பூஞ்சை, காலி வளை. அவள் சொல்லச் சொல்ல அப்தியாஸ் நாற்காலியில் சிறுத்துக்கொண்டே போனார்.

ரோசில்டா வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எனக்காக நேர்ந்ததையாப்பா முறிச்சீங்க?"

"பலகை நடத்தான் தோண்ட..." என்று ஆரம்பித்தவர், ஜாட்சனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "தப்புதான்டி. தெரியாம இல்ல, தெரிஞ்சே செஞ்ச தப்பு. அம்மா திட்டட்டும்."

வல்மீரா திட்டவில்லை. காப்பியில் சர்க்கரை போட்டாள். கலக்கினாள். வெகுநேரம் கலக்கினாள்.

"வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டு வந்தேன்" என்றாள். "புனித பிரான்சிஸ் நியாயமானவர். கோபம் வந்திருக்கு. வரத்தானே செய்யும். ஆனா என் பொண்ணைத் தொடல. வயித்துல இருக்கிறதைத் தொடல. யார் தோண்டினாங்களோ அவங்க நெஞ்சுலயே கொண்டுபோய் வச்சிருக்கார். அதுவும் இதயத்துல வைக்கல, ஓரமா வச்சிருக்கார், டாக்டர் கண்ணுல படுற மாதிரி. இதைவிட ஒருத்தர் என்ன செய்ய முடியும்?"

அப்தியாஸ் மெதுவாக நிமிர்ந்தார்.

"அப்போ கோபம் இல்லையா?"

"அவருக்கு இல்ல. எனக்கு இருக்கு. மருந்து தீர்ற வரைக்கும் இருக்கும்." வல்மீரா காப்பியைக் குடித்தாள். "புதுசா நேர்ந்திருக்கேன். ரத்தத்துல பூஞ்சைன்னே வந்துட்டா, புனிதர் மாதிரி பழுப்பு அங்கி போட்டு, கனிந்தே கோயில் வரைக்கும் நடந்தே வர்றதா."

"நீயா நடக்கப் போற?"

"நான் எதுக்கு? நானா தோண்டினேன்? உங்க பேர்லதான் நேர்ந்திருக்கேன்."

அப்தியாஸ் எவ்வளவு தூரம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டார். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்தது. ஆனாலும் காலையிலிருந்து முதல்முறையாக மூச்சு கொஞ்சம் ஆழமாக இறங்கியது. கொஞ்சம் வலித்தது. ஏன் வலிக்கிறது என்று இப்போது தெரிந்திருந்தது.

வல்மீரா கைப்பேசியை எடுத்து எண்களை அழுத்தினாள்.

"லவுரேன்சோ, நான்தான் வல்மீரா. அந்த இதயம்... இல்ல இல்ல, சாகல. இதயம் நல்லா இருக்கு, அதையும் குடுத்துடுறேன். இப்போ நுரையீரல் வேணும். செதுக்குவியா?" கொஞ்சம் கேட்டாள். "ஜோடியாத்தான் செய்வேன்னா ஜோடியாவே செய். தனித்தனியா யாருக்குடா இருக்கு?"

அவள் மேசையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். கதவு வழியாகக் கொல்லையில் படுத்திருந்த கர்னலைப் பார்த்தாள். பிறகு, காப்பிக் குவளையை வாயருகே வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்ற மருமகனைப் பார்த்தாள்.

"எத்தனையா? மூணு ஜோடி. ரெண்டு ஆள் அளவு, ஒண்ணு நாய் அளவு."

கைப்பேசியை வைத்தாள்.

ரோசில்டா மேசைமேல் ஒரு விரலை ஊன்றினாள். அது அவள் வகுப்பில் கணக்கு தப்பாக வரும்போது செய்வது.

"அப்பாவுக்கு ஒண்ணு. கர்னலுக்கு ஒண்ணு." இரண்டாவது விரலையும் ஊன்றினாள். "இன்னொரு ஆள் அளவு யாருக்கும்மா?"

வல்மீரா மர இதயத்தின்மேல் இருந்த தூசியை பாவாடை நுனியால் துடைத்தாள்.

"மூணு வாரம் முன்னாடி, ஞாயிற்றுக்கிழமை" என்று ரோசில்டா மெதுவாகச் சொன்னாள். கணவன் பக்கம் திரும்பினாள். "அன்னைக்குத்தானே நீங்க பலகை நடப் போனீங்க?"

ஜாட்சனுக்கு இருமல் வந்தது. இந்தத் தடவை அவன் வாயில் மாவு இல்லை.